பழைய தொலைத்தொடர்பு வலையமைப்புகளில் தரவு வேக அலகுகளை மாற்றுவது எப்படி? டெலக்ஸ் முதல் எஸ்டிஎம் வரை முழுமையான வழிகாட்டி

2048 கிலோபிட் வேகமுள்ள இ1 தடத்தில் (பல தொலைபேசிக் குரல்களை ஒன்றாகச் சுமக்கும் ஐரோப்பிய முறைத் தடம்) நொடிக்கு எத்தனை கிலோபைட் போகும் என்று கேட்டால், எட்டால் வகுத்து 256 என்று உடனே சொல்லிவிடலாம். வகுத்தல் சரி, விடை தவறு. வழக்கமான இ1 தடத்தில் ஒரு கோப்பை அனுப்பிப் பார்த்தால் நொடிக்கு 240 கிலோபைட்டுக்கு மேல் ஏறாது. மீதி 16 எங்கே போனது என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் இந்தக் கணக்கில் உண்மையான வேலை.

வேக அட்டவணைகளை மனப்பாடம் செய்வதை நான் பரிந்துரைப்பதில்லை. அட்டவணையில் உள்ள எண் தடத்தின் எந்த இடத்தில் அளந்தது என்பதை அட்டவணை சொல்லாது. அதற்குப் பதிலாக மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள்: ஒரு பிரேமில் (ஒரே கட்டாக அனுப்பப்படும் பிட்டுகளின் தொகுப்பில்) எத்தனை பிட்டுகள்? நொடிக்கு எத்தனை பிரேம்கள்? அந்தப் பிட்டுகளில் நமக்கு உரியவை எத்தனை? தட்டச்சுத் தந்தியான டெலக்ஸுக்கும் மோடத்துக்கும் இ1-க்கும் ஏடிஎம் (தரவைச் சம அளவுத் துண்டுகளாக அனுப்பும் முறை) செல்லுக்கும் குறுஞ்செய்திக்கும் இந்த மூன்று கேள்விகளே போதும்.

இந்தக் கட்டுரை முழுக்க இரண்டு சொற்களைப் பயன்படுத்துகிறேன். கம்பியில் ஓடும் மொத்த பிட்டுகளின் வேகம் தட வேகம். அதில் பயனாளரின் தரவு மட்டும் போகும் வேகம் பயன் வேகம். எடைமேடையில் ஏறிய லாரியின் மொத்த எடைக்கும் உள்ளே இருக்கும் சரக்கின் எடைக்கும் உள்ள வேறுபாடுதான் இது.

படி 1: கிலோ என்றால் ஆயிரமா, 1024-ஆ?

தொலைத்தொடர்பில் கிலோ என்றால் எப்போதும் 1000. மெகா என்றால் பத்து லட்சம். 64 கிலோபிட் என்பது 64,000 பிட், 65,536 அல்ல. 1024 என்ற பெருக்கம் கணினியின் நினைவகத்திலிருந்து வந்தது. கோப்பின் அளவைக் காட்டும்போது பல இயங்குதளங்கள் இன்றும் அதைத்தான் பயன்படுத்துகின்றன. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1998-ல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் கிபி, மெபி என்ற தனி முன்னொட்டுகளைக் கொண்டுவந்தது. பழைய கருவிகளின் கையேடுகளில் அவற்றைத் தேடிப் பயனில்லை.

இங்கே மிகவும் ஏமாற்றும் எண் 2048. இரண்டின் அடுக்காக இருப்பதால் இது கணினிக் கணக்கு என்று தோன்றும். உண்மையில் 32 டைம்ஸ்லாட்டுகளை (இ1-க்குள் இருக்கும் தனித்தனி உள்தடங்களை) 64 கிலோபிட்டால் பெருக்கினால் வருவதுதான் இந்த 2048. ஆகவே இ1-ன் வேகம் நொடிக்கு 20,48,000 பிட். அதை 20,97,152 என்று எழுதினால் தொடக்கத்திலேயே இரண்டரை சதவீதம் பிழை.

பிட்டுக்கும் பைட்டுக்கும் இடையே எட்டு மடங்கு. ஆனால் பழைய கணினிகளில் பைட் என்பது 6 அல்லது 7 பிட்டாகவும் இருந்திருக்கிறது. அதனால் தொலைத்தொடர்புத் தரநிலைகள் எட்டு பிட்டைக் குறிக்க ஆக்டெட் என்ற சொல்லையே விடாமல் பயன்படுத்துகின்றன. பழைய ஆவணத்தில் ஆக்டெட் என்று இருந்தால் தயங்காமல் எட்டால் பெருக்கலாம். பைட் என்று இருந்தால், அது எந்தக் கருவி என்று ஒரு கணம் பாருங்கள்.

படி 2: பாட் வேறு, பிட் வேறு

பாட் என்பது நொடிக்கு எத்தனை முறை கம்பியில் குறி மாறுகிறது என்பதன் அளவு. பிரெஞ்சுத் தந்திப் பொறியாளர் எமில் போடோவின் பெயரிலிருந்து வந்தது. ஒரு குறி ஒரு பிட்டை மட்டும் சுமந்தால் பாட்டும் பிட்டும் சமம். டெலக்ஸ் அப்படித்தான்: 50 பாட். ஒரு எழுத்துக்கு ஒரு தொடக்கக் குறி, ஐந்து தரவு பிட்டுகள், ஒன்றரை நிறுத்தக் குறி என மொத்தம் 7.5 அலகுகள். 50-ஐ 7.5-ஆல் வகுத்தால் நொடிக்கு 6.67 எழுத்துகள், அதாவது நிமிடத்துக்கு 400. இடைவெளியோடு சேர்த்து ஒரு சொல்லுக்கு ஆறு எழுத்து என்ற வழக்கமான கணக்கில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 67 சொற்கள். ஏழரையில் தரவு ஐந்துதான் என்பதைக் கவனியுங்கள். 50 பாட் தடத்தின் பயன் வேகம் நொடிக்கு 33.3 பிட்.

மோடத்துக்கு வந்தால் ஒரு குறி பல பிட்டுகளைச் சுமக்கிறது. வி.22பிஸ் என்ற தரநிலையில் இயங்கிய மோடம் 600 பாட்டில் குறிக்கு 4 பிட்டாக 2400 பிட் அனுப்பியது. வி.32 மோடம் 2400 பாட்டில் 9600 பிட். வி.34 அதிகபட்சம் 3429 பாட் வரை சென்று 33,600 பிட்டைத் தொட்டது. "9600 பாட் மோடம்" என்று அந்தக் காலத்தில் எல்லோரும் சொன்னார்கள். கையேடுகளிலும் அப்படியே அச்சானது. பழைய ஆவணத்தில் 300-க்கு மேற்பட்ட எண்ணோடு பாட் என்று எழுதியிருந்தால், தொலைபேசி மோடத்தைப் பொறுத்தவரை அது பிட் என்றுதான் பெரும்பாலும் பொருள். ஆனால் கணினிக்கும் மோடத்துக்கும் இடையிலுள்ள சீரியல் கேபிளில் குறிக்கு ஒரு பிட் என்பதால், அங்கே 9600 பாட் என்பது சரியான சொல்.

அந்த சீரியல் கேபிளில் ஒரு பைட் அனுப்பத் தொடக்க பிட் ஒன்று, தரவு எட்டு, நிறுத்த பிட் ஒன்று எனப் பத்து பிட்டுகள் செலவாகும். ஆகவே எட்டால் வகுக்காமல் பத்தால் வகுக்க வேண்டும்: 9600 பிட் என்றால் நொடிக்கு 960 பைட். தொலைபேசித் தடத்தில் கதை மாறுகிறது. வி.42 பிழைதிருத்தம் இயங்கும் மோடம், தொடக்க, நிறுத்த பிட்டுகளைக் களைந்துவிட்டு மீதியை மட்டும் அனுப்பும். அதனால் 33,600 பிட் இணைப்பில் 3,360 பைட் என்ற கணக்கு பொருந்தாது. எட்டால் வகுத்து 4,200 என்று எடுத்து, வி.42-ன் சொந்தச் செலவுக்குச் சிறிது கழிக்க வேண்டும்.

இணைப்பு கிடைத்ததும் திரையில் 115200 என்று தெரிந்ததைப் பலர் பார்த்திருப்பார்கள். அது கணினிக்கும் மோடத்துக்கும் இடையிலான கேபிளின் வேகம். தொலைபேசித் தடத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. எந்த எண்ணைக் கண்டாலும் அது எந்த இரண்டு முனைகளுக்கு இடையே அளந்தது என்று கேட்காமல் கணக்கைத் தொடங்கக் கூடாது.

படி 3: 64-ன் பிறப்பு

தொலைபேசிக் குரலுக்கு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை போதும் என்று தீர்மானித்து, ஒரு குரல் தடத்துக்கு 4000 ஹெர்ட்ஸ் இடம் ஒதுக்கினார்கள். அதை எண்ணாக மாற்ற அதன் இரு மடங்கு, அதாவது நொடிக்கு 8000 முறை மாதிரி எடுக்க வேண்டும். மாதிரிக்கு எட்டு பிட். 8000 × 8 = 64,000.

இந்த 8000-ஐ மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பல தடங்களை ஒன்றாகக் கட்டும்போதும் நொடிக்கு 8000 பிரேம்கள், பிரேமுக்கு 125 மைக்ரோநொடி என்பதே தாளம். இதிலிருந்து நேரடியாகக் கிடைக்கும் விதி இது: 125 மைக்ரோநொடிப் பிரேமில் ஒரு ஆக்டெட் இடம் என்றால் 64 கிலோபிட், ஒரு பிட் இடம் என்றால் 8 கிலோபிட்.

வி.90 மோடத்தின் 56 கிலோபிட்டும் இங்கிருந்துதான் வருகிறது. நொடிக்கு 8000 குறி, குறிக்கு 7 பிட். அதன் வேகங்கள் 8000-ஐ ஆறால் வகுத்த 1333.33 பிட் என்ற படிகளில் ஏறும். அமெரிக்காவில் மின்திறன் வரம்பு காரணமாக 53.3 கிலோபிட்டில் நின்றுவிட்டது, அது 1333.33-ன் 40 மடங்கு.

படி 4: இ1, டி1 பிரேம்களைக் கையால் எண்ணுதல்

இ1 பிரேமில் 32 டைம்ஸ்லாட்டுகள், ஒவ்வொன்றிலும் எட்டு பிட், மொத்தம் 256 பிட். 256 × 8000 = 20,48,000. 0-ஆம் டைம்ஸ்லாட் பிரேமின் தொடக்கத்தை அடையாளம் காட்டுவதற்கு. ஒன்றுவிட்ட ஒரு பிரேமில் 0011011 என்ற கோலம் அதில் வரும். 16-ஆம் டைம்ஸ்லாட் தொலைபேசி சிக்னலிங்குக்கு, அதாவது அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் உதவும் தகவலுக்கு. மீதி 30-ல் குரல். ஐஎஸ்டிஎன் (எண்ம தொலைபேசிச் சேவை) பிஆர்ஐ (பிரைமரி ரேட்) இணைப்பை 30 பி தடங்கள் (பேச்சு, தரவுக்கு), ஒரு டி தடம் (சிக்னலிங்குக்கு) என்று சொல்வது இந்தக் கட்டமைப்பைத்தான். இந்தியா ஐரோப்பிய முறையைப் பின்பற்றுவதால் நம் நாட்டில் பிஆர்ஐ என்றால் 30 தடங்கள்தான்.

ஆக இ1-க்கு மூன்று வேகங்கள் உண்டு. 32 டைம்ஸ்லாட்டுகளையும் பிரேம் இல்லாமல் முழுக் குழாயாகப் பயன்படுத்தினால் 2048 கிலோபிட். பிரேம் அடையாளத்தை மட்டும் விட்டுத் தரவுக்குப் பயன்படுத்தினால் 31 × 64 = 1984. குரல் சிக்னலிங்கையும் விட்டால் 30 × 64 = 1920. ஒப்பந்தத்தில் மூன்றையுமே "2 மெகாபிட்" என்றுதான் எழுதுவார்கள். ரூட்டரில் பிரேமிங் அமைப்பைப் பார்க்காமல் எந்த எண் என்று முடிவு செய்யாதீர்கள்.

இ1-க்கு இணையான டி1 தடத்தை அமெரிக்காவில் பெல் நிறுவனம் 1962-ல் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. அதில் 24 தடங்களுக்கு 192 பிட். அடையாளத்துக்கு ஒரே ஒரு பிட் கூடுதல். 193 × 8000 = 15,44,000. அந்த ஒற்றை பிட் 8 கிலோபிட் என்பது மேலே சொன்ன விதிப்படியே. பயன் வேகம் 1536 கிலோபிட்.

டி1-ல் சிக்னலிங்குக்கு என்று தனி டைம்ஸ்லாட் கிடையாது. ஆறு பிரேமுக்கு ஒரு முறை ஒவ்வொரு குரல் தடத்தின் கடைசி பிட்டையும் எடுத்துக்கொண்டு அதில் சிக்னலிங் அனுப்பினார்கள். குரலுக்கு அது காதில் விழாது. தரவுக்கோ ஒரு பிட் மாறினாலும் நாசம். எந்தப் பிரேமில் பிட் பறிபோகும் என்று தரவுக் கருவிக்குத் தெரியாததால், எட்டாவது பிட்டை எல்லாப் பிரேமிலும் கைவிட்டார்கள். 7 × 8000 = 56,000. அமெரிக்கப் பழைய தடங்களில் 64 இருக்க வேண்டிய இடத்தில் 56 என்று கண்டால் வியக்க வேண்டாம். பழைய தடக் குறியீட்டில் தொடர்ந்து சுழியங்கள் வந்தால் மறுமுனை தாளம் தப்பும் என்பதும் இதற்கு இன்னொரு காரணம். பி8இசட்எஸ் குறியீடு வந்த பிறகே முழு 64 தடையின்றிக் கிடைத்தது. அப்படியில்லாத டி1-ன் பயன் வேகம் 24 × 56 = 1344 கிலோபிட்தான்.

டி1, இ1 எல்லையைக் கடக்கும் இணைப்பில் இன்னொரு கண்ணி உண்டு. அமெரிக்கா, ஜப்பான் குரலை மியூ விதிப்படியும் ஐரோப்பாவும் இந்தியாவும் ஏ விதிப்படியும் எண்ணாக்குகின்றன. ஜி.711 தரநிலைப்படி மாற்றும் பொறுப்பு மியூ விதி நாடுகளுடையது. குரலுக்கு இந்த மாற்றம் கட்டாயம். தரவுத் தடம் அதே மாற்றி வழியாகப் போனால் பிட்டுகள் உருக்குலையும். வேகக் கணக்கு பொருந்தி வந்தும் தரவு சேதமாகிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

படி 5: மேலே ஏறும்போது ஏன் பெருக்கல் பொருந்துவதில்லை

நான்கு இ1 சேர்ந்தால் இ2. 4 × 2048 = 8192; ஆனால் இ2-ன் வேகம் 8448. நான்கு இ2 சேர்ந்த இ3-ன் வேகம் 34,368. நான்கு இ3 சேர்ந்த இ4-ன் வேகம் 1,39,264 கிலோபிட். அமெரிக்க வரிசையில் நான்கு டி1 சேர்ந்த டி2 6312, ஏழு டி2 சேர்ந்த டி3 44,736. ஒவ்வொரு படியிலும் பெருக்கலை விடச் சற்று அதிகம்.

காரணம் கடிகாரம். ஒவ்வொரு இ1-ம் தன் சொந்தக் கடிகாரத்தில் ஓடுகிறது. பத்து லட்சத்துக்கு 50 பங்கு வரை விலகலாம் என்று தரநிலை அனுமதிக்கிறது. 20,48,000-ல் அது நொடிக்கு 102.4 பிட். ஒன்று வேகமாகவும் மற்றொன்று மெதுவாகவும் வரும்போது இரண்டையும் ஒரே பிரேமில் அடைக்க, தேவைப்பட்டால் நிரப்பி, இல்லையென்றால் தரவாகவே பயன்படுத்தும் நெகிழ்வு பிட்டுகள் வேண்டும். அவற்றோடு அடையாளக் கோலமும் சேர்ந்ததே அந்த அதிகப்படி.

8000 என்ற சாவி இந்த இடத்தில் வேலை செய்யாது. இ2 பிரேம் 848 பிட் கொண்டது. நொடிக்கு 9962 பிரேம்களுக்குச் சற்று மேல். ஆகவே இ2 முதல் இ4 வரை மேலிருந்து வகுத்து இறங்காதீர்கள். உள்ளே எத்தனை இ1 என்று எண்ணி, இ1-ன் பயன் வேகத்தால் பெருக்குங்கள். இ3-ல் 16 இ1, இ4-ல் 64. டி3-ல் 28 டி1, அதாவது 672 குரல் தடங்கள்.

படி 6: எஸ்டிஎச் – சாவி திரும்பக் கிடைக்கிறது

எஸ்டிஎச் என்ற பிற்கால ஒத்திசைவு முறையில் எல்லாக் கருவிகளும் ஒரே கடிகாரத்தைப் பின்பற்றுவதால் 8000 மீண்டும் ஆட்சிக்கு வருகிறது. அதன் அடிப்படை அலகான எஸ்டிஎம்-1-ன் பிரேம் 9 வரிசை, 270 நெடுவரிசை கொண்ட ஆக்டெட் கட்டம். 9 × 270 = 2430 ஆக்டெட்; ஒவ்வொன்றும் 64 கிலோபிட். 2430 × 64 = 1,55,520 கிலோபிட். எஸ்டிஎம்-4 அதன் நான்கு மடங்கு, எஸ்டிஎம்-16 பதினாறு மடங்கு, ஒரு பிட் கூடக் கூடாமல் குறையாமல்: 622.08, 2488.32 மெகாபிட். எஸ்டிஎச்-க்கு இணையான அமெரிக்க முறையான சோனெட்டின் அடிப்படை அலகில் 90 நெடுவரிசை; 9 × 90 × 64 = 51,840 கிலோபிட். அதன் மூன்று மடங்குதான் எஸ்டிஎம்-1.

பயன் வேகத்துக்கு நெடுவரிசைகளைக் கழித்தால் போதும். முதல் 9 நெடுவரிசைகள் நிர்வாகத்துக்கு. அங்கேயே 81 ஆக்டெட், 5184 கிலோபிட் போய்விடும். மீதி 261-ல் இன்னொரு நெடுவரிசை பாதைக் கண்காணிப்புக்கு. 260 × 9 × 64 = 1,49,760 கிலோபிட். இதுதான் எஸ்டிஎம்-1-ல் உண்மையாகக் கிடைக்கும் பெரிய குழாய்.

ஆனால் இ1-களாகப் பிரித்து அனுப்பினால் 63 இ1 மட்டுமே அடங்கும். 139 மெகாபிட் இ4-ல் 64 அடங்கியது. அதைவிட வேகமான எஸ்டிஎம்-1-ல் ஒன்று குறைவு. எந்த இ1-ஐயும் மற்றவற்றைக் கலைக்காமல் தனியாக இறக்கவும் ஏற்றவும் முடிகிற வசதிக்குக் கொடுத்த விலை அது. நல்ல பேரம் என்றே சொல்வேன். பழைய இ4 தடத்தை எஸ்டிஎம்-1-க்கு மாற்றும் திட்டம் போடுபவர்கள் அந்த 64-ஆவது இ1 எங்கே போகும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்வது நல்லது.

படி 7: செல்லும் செக்மென்ட்டும்

ஏடிஎம் முறையில் எல்லாத் தரவும் 53 ஆக்டெட் செல்களாக வெட்டப்படும். அதில் 48 மட்டுமே சரக்கு. எஸ்டிஎம்-1-ன் 149.76 மெகாபிட்டை 48/53-ஆல் பெருக்கினால் 135.63 மெகாபிட் மிஞ்சும். பழைய ஏடிஎஸ்எல் பிராட்பேண்ட் இணைப்புகளும் உள்ளே ஏடிஎம்தான் என்பதால், மோடம் காட்டும் வேகத்துக்கும் இந்தக் கழிவு பொருந்தும்.

சதவீதத்தை மட்டும் நம்பாமல் செல்களை எண்ணிப் பாருங்கள். 1500 ஆக்டெட் ஐபி பாக்கெட்டோடு 8 ஆக்டெட் தலைப்பும் 8 ஆக்டெட் வாலும் சேர்ந்தால் 1516. இதற்கு 32 செல்கள், கம்பியில் 1696 ஆக்டெட். பயன் 88.4 சதவீதம். 2048 கிலோபிட் ஏடிஎஸ்எல் இணைப்பில் ஐபி வேகம் 1811 கிலோபிட். அதே முறையில் 40 ஆக்டெட் ஒப்புகைப் பாக்கெட் 56 ஆகி ஒரு செல்லைத் தாண்டும். இரண்டு செல்கள், 106 ஆக்டெட். நாற்பதுக்கு நூற்றாறு! சிறு பாக்கெட்டுகள் நிறைந்த இணைப்பில் சராசரி சதவீதத்தை வைத்துக் கணக்குப் போட்டால் விடை நெடுந்தூரம் விலகும்.

எக்ஸ்.25 என்ற பழைய பாக்கெட் தரவு வலையமைப்புகளில் இதே வட்டமாக்கல் பில்லில் வந்தது. பல நாடுகளில் 64 ஆக்டெட் கொண்ட செக்மென்ட்தான் கட்டண அலகு. ஒரே ஒரு எழுத்தைத் தட்டி அனுப்பினாலும் முழு செக்மென்ட். பழைய பில்லிலிருந்து தரவு அளவைக் கணக்கிடும்போது செக்மென்ட்டை 64-ஆல் பெருக்கினால் கிடைப்பது உச்ச வரம்பு மட்டுமே.

படி 8: ஒரு கோப்பை வைத்து முழுக் கணக்கு

கணினி 10 மெகாபைட் என்று காட்டும் கோப்பு. இயங்குதளம் 1024 கணக்கில் காட்டுகிறது. இ1 லீஸ்டு லைன் (வாடகைக்கு எடுத்த தனித் தடம்), 31 டைம்ஸ்லாட், பாக்கெட்டுகளைத் தடத்தில் அனுப்பும் பிபிபி நெறிமுறை.

கோப்பு: 10 × 1024 × 1024 = 1,04,85,760 பைட் = 8,38,86,080 பிட்.

தட வேகத்தால் வகுத்தால் 40.96 நொடி. இது காகித விடை.

பிரேம் அடையாளம் போக 19,84,000-ஆல் வகுத்தால் 42.28 நொடி.

ஒவ்வொரு 1500 ஆக்டெட் பாக்கெட்டிலும் ஐபி, டிசிபி தலைப்புகள் 40 போகக் கோப்பு 1460. பிபிபி சேர்ப்பது 7. ஆக 1507-ல் 1460 நமக்கு, 96.9 சதவீதம். 42.28-ஐ 0.9688-ஆல் வகுத்தால் 43.6 நொடி. இடையே செருகப்படும் நிரப்பு பிட்டுகளால் இன்னும் சிறிது கூடும்.

வேகமாகச் சொன்னால் 19,84,000 ÷ 8 = 2,48,000 பைட்; அதில் 96.9 சதவீதம் ஏறக்குறைய 2,40,265. தொடக்கத்தில் கேட்ட 16-ல் எட்டு 0-ஆம் டைம்ஸ்லாட்டிலும், கிட்டத்தட்ட எட்டு தலைப்புகளிலும் போயிருக்கின்றன. பதிவிறக்கக் கருவி 1024 கணக்கில் காட்டினால் இதே வேகம் 234.6 என்று தெரியும். தடம் மெதுவாகிவிட்டது என்று அதைப் பார்த்துப் புகார் எழுத வேண்டாம்.

படி 9: இரண்டாம் தலைமுறை மொபைல்

ஜிஎஸ்எம் குரலுக்குத் தாளம் 8000 இல்லை. 20 மில்லிநொடிக்கு ஒரு பிரேம், நொடிக்கு 50. குரல் 260 பிட், அதாவது 13 கிலோபிட். வானலையில் பிழைதிருத்தத்தோடு 456 பிட், 22.8 கிலோபிட். கோபுரத்திலிருந்து செல்லும் கம்பியில் 320 பிட், 16 கிலோபிட். ஒரே பேச்சுக்கு மூன்று இடத்தில் மூன்று வேகங்கள். 64 கிலோபிட் டைம்ஸ்லாட் ஒன்றில் இப்படி நான்கு பேச்சுகள் அடங்குவதால், எட்டுத் தடங்கள் கொண்ட ஒரு டிரான்சீவருக்கு (கோபுரத்தின் வானொலிக் கருவிக்கு) இ1-ல் இரண்டு டைம்ஸ்லாட்டும் சிக்னலிங்குக்குச் சிறிது இடமும் போதும்.

குறுஞ்செய்தியின் அளவு 140 ஆக்டெட், அதாவது 1120 பிட். ஏழு பிட் எழுத்துகளாக வகுத்தால் 160. ஆங்கிலத்துக்கு அந்த வரம்பு. தமிழ் யூனிகோடு குறியீடு ஒவ்வொன்றும் 16 பிட் எடுப்பதால் 70. இதில் எண்ணப்படுவது கண்ணுக்குத் தெரியும் எழுத்து இல்லை, குறியீடு. "வணக்கம்" என்பதில் நாம் காண்பது ஐந்து எழுத்து. அனுப்பப்படுவது வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி என ஏழு குறியீடு, 14 ஆக்டெட். செய்தி 70 குறியீட்டைத் தாண்டினால் துண்டுகளை ஒட்டுவதற்கான 6 ஆக்டெட் தலைப்பு ஒவ்வொரு துண்டிலும் சேரும். 134 ஆக்டெட் மிஞ்சும், துண்டுக்கு 67 குறியீடு. ஆகவே 71 குறியீடுகள் கொண்ட தமிழ்ச் செய்தி 67, 4 என்று இரண்டாகப் பிரிந்து, இரண்டு செய்திகளாகவே போகும்.